இரண்டும் இரண்டும் எப்போது நான்கு?

வியாபாரிகளாகிய நமக்கு நிறையும் அளவும் புதியவையல்ல. காலையில் கடைப்பலகையை எடுத்துவைத்தது முதல் இரவு கல்லாவை எண்ணி மூடுகிற வரையில், நிறுத்தும் அளந்துமே நம் காலம் போகிறது. ஆகவே, படிப்பையும் ஓர் அளவு கொண்டு அளக்கிறார்கள், அந்த அளவு ஓரிடத்தில் ஒன்றாகவும் வேறோரிடத்தில் வேறாகவும் இருக்கிறது என்று சொன்னால், அது நமக்கு விளங்காமற் போகாது. இதனைப் "படித்தவர்கள் விஷயம்" என்று சகோதரர்கள் ஒதுக்கிவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். நாமும் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்ததோடு நின்று, மிச்சத்தைக் கடையிலே கற்றுக்கொண்டவர்தாம். தராசு பிடிக்கத் தெரிந்தவனுக்கு இந்த விஷயத்தைப் பேசும் உரிமை உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

விஷயம் இதுதான். ஒரு பிள்ளை, கட்டணம் குறைந்த ஒரு சிறிய கல்லூரியில் இரண்டு வருஷம் படிப்பது; பின்னர் அந்தப் படிப்பைக் கையோடு கொண்டுபோய் ஒரு சர்வகலாசாலையில் சேர்ந்து மேலும் இரண்டு வருஷம் படிப்பது; நான்காவது வருஷ முடிவில் பட்டத்தோடு வெளிவருவது. இரண்டும் இரண்டும் நான்கு. கேட்கும்போது இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை. ஆனால் நடக்கும்போது அநேகருக்கு அது ஐந்தாகிறது, ஆறாகிறது, சிலருக்குக் கணக்கே முடிவதில்லை. அப்படி நீண்டுபோன வருஷத்துக்கு யார் பொறுப்பு? பிள்ளையா, கல்லூரியா, சர்வகலாசாலையா, பணம் கட்டும் தகப்பனாரா? அதற்கும் மேலே ஒரு கேள்வி உண்டு: காலத்தில் முடிப்பது என்பது ஒரு கடமையா, அல்லது வெறும் சௌகரியமா? இவ்விரண்டையும் சற்று நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. இலினாய் மாகாணத்தில், சிகாகோவுக்கு அருகிலுள்ள ஜோலியட் என்னும் ஊரில் 1901-ம் வருஷம் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். உயர்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமலே சர்வகலாசாலைப் படிப்பின் முதற்பகுதியை அங்கே படிக்கலாம் என்பது அதன் நோக்கம். நாளடைவில் இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருகின. 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன், இவற்றைச் சமூகக் கல்லூரிகள் என்ற பெயரால் குறிப்பிட்டு, இன்னும் பரவச் செய்ய வேண்டுமென்று யோசனை கூறிற்று. 1960-ல் கலிபோர்னியா மாகாணம் தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தபோது, சமூகக் கல்லூரியில் தொடங்கிய பிள்ளை சர்வகலாசாலைக்கு மாறிப் போவதற்கு அதில் ஒரு நிலையான வழியை வைத்தது.

இதன் நன்மையை நாம் குறைத்துப் பேசலாகாது. கட்டணம் குறைவு. வீட்டிலிருந்தே போய் வரலாம். பகலில் ஒரு வேலை பார்த்து, மாலையில் படிக்கலாம். பள்ளியில் மதிப்பெண் குறைந்துபோன பிள்ளைக்கு மறுபடியும் ஒரு வாசல் திறக்கிறது. நம்மைப்போன்ற சிறு வியாபாரிகளின் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே செய்து வைத்ததுபோன்ற ஒரு வாசல் அது.

நமது நாட்டுக்கும் இதனோடு தொடர்பு உண்டு. 1985-ல் ஷா ஆலமில், மாரா தொழில்நுட்பக் கழகத்தோடு அமெரிக்காவின் இந்தியானா சர்வகலாசாலை சேர்ந்து, முதல் இரண்டு வருஷப் பாடங்களை இங்கேயே நடத்திப் பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்பி வைத்தது. அதே பத்தாண்டில் தனியார் கல்லூரிகளும் இத்தகைய அமெரிக்க மாற்றுப் படிப்புகளைத் தொடங்கின. "இரண்டு கூட்டல் இரண்டு" என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்து டிப்ளோமா வாங்கிய பிள்ளை, சர்வகலாசாலையில் சேரும்போது சில பாடங்களுக்கு விலக்குப் பெறுகிறான். மலேசியாவில் 2001 முதல் சமூகக் கல்லூரி என்ற பெயரிலேயே அரசாங்கக் கல்லூரிகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் கைத்தொழில் சான்றிதழுக்கும் டிப்ளோமாவுக்கும் உரியவையாயினும், அங்கிருந்து மேலே ஏறிப் போகிற பிள்ளைகளும் உண்டு. ஊருக்கு ஊர் ஏற்பாடு வேறு. ஆனால் "கொண்டுவந்த படிப்பை ஏற்றுக்கொள்வார்களா, மாட்டார்களா?" என்ற கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றே.

இப்போது அளவைப் பார்ப்போம். அமெரிக்கப் படிப்பை "கிரெடிட்" என்ற அலகால் அளக்கிறார்கள். பொதுவாக ஒரு பாடம் மூன்று கிரெடிட். பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். சமூகக் கல்லூரியில் 60, சர்வகலாசாலையில் 60. அரிசியை மூட்டையாகக் கட்டுவதுபோல, படிப்பைக் கிரெடிட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது எங்கே பிசகு வருகிறது?

அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை ஒரு கல்விச்சாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய மாணவர்கள், சராசரியாகத் தம் கிரெடிட்டுகளில் நூற்றுக்கு 43-ஐ இழந்தார்கள் என்று அது மதிப்பிட்டது. எல்லா விதமான மாற்றங்களையும் சேர்த்துச் சொன்ன கணக்கு இது. அரசாங்கச் சமூகக் கல்லூரியிலிருந்து அரசாங்கச் சர்வகலாசாலைக்குப் போனவர்களுக்கு நஷ்டம் இதைவிடக் குறைவுதான். ஆயினும் இல்லாமற் போகவில்லை. மற்றுமொரு கணக்கு 2024-ல் வெளியாயிற்று. 2015-ல் சமூகக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களை ஆறு வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், நூறு பேரில் ஏறக்குறைய 32 பேர் சர்வகலாசாலைக்கு மாறினார்கள். அந்த 32 பேரில் பாதிப் பேரே அக்காலத்துக்குள் பட்டம் பெற்றார்கள். நூறு பேர் புறப்பட்டதில் கரை சேர்ந்தவர் 16 பேர். நூறு மூட்டை ஏற்றிய சரக்கில் பதினாறு மூட்டைதான் ஆறு வருஷத்தில் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தது என்றால், நம்மில் எவர் பேசாமல் இருப்போம்?

நஷ்டம் நேர்கிற விதத்தையும் சொல்லவேண்டும். சர்வகலாசாலை பெரும்பாலும் "உன் படிப்பு வேண்டாம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதில்லை. "ஏற்றுக்கொள்கிறோம்" என்றுதான் சொல்லுகிறது. ஆனால் அந்தப் பாடத்தை எந்தக் கணக்கில் வரவு வைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பட்டத்துக்கு அவசியமான பாடமாக வரவு வைத்தால் ஒரு படி குறைந்தது. "விருப்பப் பாடம்" என்ற தலைப்பில் வரவு வைத்தால், விருப்பப் பாடங்களின் தொகை முன்னமே நிரம்பியிருக்குமானால், அது பேரேட்டில் எழுத்தாக நிற்குமே தவிரப் பட்டத்துக்கு உதவாது. மூன்று பாடங்கள் இப்படி ஒதுங்கினால் 9 கிரெடிட். ஒரு பருவத்தின் பெரும்பகுதி போயிற்று. இன்னொன்று, சில பாடங்கள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. பொறியியல் படிப்புக்கு முதற் கணிதம் முடித்தால்தான் இரண்டாவது. இரண்டாவது முடித்தால்தான் மூன்றாவது. நடுவில் ஒரு வளையத்தைச் சர்வகலாசாலை ஏற்கவில்லையென்றால், அந்தப் பாடம் வருஷத்தில் ஒரு தடவைதான் நடக்குமென்றால், ஒரே ஒரு பாடத்துக்காக ஒரு வருஷம் முழுவதும் காத்திருக்க நேரும்.

இனி நியாயத்துக்கு வருவோம்.

நம் பெரியவர்கள் கடை நடத்திய காலத்தில் மலாயாவில் கட்டியும் பிக்கலும்தான் நிறை. பதினாறு தாகில் ஒரு கட்டி. நூறு கட்டி ஒரு பிக்கல். பின்னர் கிலோ வந்தது. தராசுக் கல்லெல்லாம் மாறிப்போயிற்று. பழைய கல் பரணில் ஏறிற்று. ஆனால் கிட்டங்கியில் இருந்த அரிசி ஒரு மணியாவது குறைந்ததா? குறையவில்லை. ஒரு கட்டி அறுநூற்றைந்து கிராம் அளவு என்று விகிதம் வைத்துக்கொண்டு, எல்லாரும் அதையே ஒப்புக்கொண்டார்கள். அளவு மாறலாம், அளக்கப்பட்ட பொருள் மாறலாகாது. இதுவே வியாபாரத்தின் முதல் நியாயம். ஒரு பிள்ளை இரண்டு வருஷம் விழித்திருந்து கற்ற கணிதம், ஓர் ஊரின் எல்லையைத் தாண்டியவுடன் கணிதமல்லாமற் போய்விடுமா? போகாது. ஆகவே, கற்றதைக் கல்லாததாக எண்ணுவது ஒருவிதத்தில் குறைத்து நிறுப்பதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவது பஞ்சாயத்தாகாது. சர்வகலாசாலையின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அது தன் பெயரை முத்திரையாகக் குத்திப் பட்டம் கொடுக்கிறது. நாம் நமது கடையின் பெயரைப் போட்டு மசாலைப் பொட்டலம் விற்கிறோம். வேறொருவர் அரைத்துக் கொடுத்த தூளை, முகர்ந்து பாராமல் நமது பொட்டலத்தில் போடுவோமா? போடமாட்டோம். நாளை அதில் கலப்படம் இருந்தால் கெடுவது நமது பெயர். அதுபோலவே, "மேற்படிப்புக்கு வேண்டிய அஸ்திவாரம் இந்தப் பிள்ளைக்கு இருக்கிறதா?" என்று பார்ப்பதற்குச் சர்வகலாசாலைக்கு உரிமை உண்டு. பாராமல் ஏற்றுக்கொண்டு, அடுத்த பருவத்தில் அந்தப் பிள்ளை தடுமாறி விழுந்தால், அதுவும் பிள்ளைக்கே நஷ்டம். மறுபடி நிறுத்துப் பார்ப்பது குற்றமல்ல.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஓர் உஸ்தாதிடமிருந்து மற்றோர் உஸ்தாதிடம் போகும் மாணவனை, புதியவர் முதலில் ஒரு பக்கம் ஓதச் சொல்லிக் கேட்பார். கேட்டபின், "சரி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பி" என்பார். அல்லது "இரண்டு பாடம் பின்னால் போ" என்பார். எந்த ஊரில் ஓதினாய் என்பதல்ல, என்ன ஓதினாய் என்பதே கேள்வி. அமெரிக்காவிலும் 1967 முதல், பரீட்சை எழுதி அதன்மூலம் கிரெடிட் பெறுகிற ஒரு வழி இருக்கிறது. பல சர்வகலாசாலைகள் அதனை ஒப்புக்கொள்ளுகின்றன. பிள்ளையின் அறிவை நிறுத்துப் பார்ப்பது நியாயம். கல்லூரியின் பெயரைப் பார்த்து நிறையைக் குறைப்பது நியாயமல்ல. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை மறந்துவிடலாகாது.

அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? நம் அபிப்பிராயத்தில் அது நிறுத்துப் பார்ப்பதில் இல்லை. முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பதில் இருக்கிறது. சரக்கில் குறையிருந்தால், விற்பவர் விலை பேசுமுன் அதனைச் சொல்லிவிட வேண்டும். வாங்கியவர் வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்த பிறகு, "அது அப்படித்தான்" என்றால் அந்த வியாபாரம் சுத்தமானதல்ல. ஒரு கல்லூரி, "எங்களிடம் படித்தால் மாறிப் போகலாம்" என்று விளம்பரம் செய்து கட்டணம் வாங்கும்போது, எந்தப் பாடம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. சர்வகலாசாலையும், பிள்ளை வந்து சேர்ந்து முன்பணம் கட்டிய பிறகு அல்ல, அதற்கு முன்னரே எவ்வளவு ஏற்போம் என்று எழுத்தில் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. இருவரும் வாய் திறவாமல் இருந்துவிட்டு, பிள்ளையின் ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டால், அது பணத்தை எடுத்துக்கொள்வதைவிடப் பெரிய காரியம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். இருபத்தொன்றாவது வயதைத் திருப்பிக் கொடுப்பவர் யார்?

இது நடவாத காரியமல்ல என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. கலிபோர்னியாவில் 2010-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி, சமூகக் கல்லூரியில் மாறுதலுக்கென்று வகுத்த 60 கிரெடிட் பட்டயத்தை முடித்த மாணவன், அம்மாகாணத்துக் கலிபோர்னியா ஸ்டேட் சர்வகலாசாலையில் அதே துறையில் தொடரும்போது, அவனிடம் மேற்கொண்டு 60 கிரெடிட்டுக்கு அதிகமாகக் கேட்கலாகாது. இரண்டும் இரண்டும் நான்கு என்பதைச் சட்டத்தாலேயே உறுதி செய்தார்கள். ப்ளோரிடா மாகாணத்தில், அரசாங்கக் கல்லூரிகளிலும் சர்வகலாசாலைகளிலும் ஒத்த பாடத்துக்கு ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே முத்திரைக் கல். ஆகவே, மனமிருந்தால் அளவைச் சரிப்படுத்த முடியும் என்பது தெளிவாகிறது.

இவ்வளவும் கல்விச்சாலைகளின் பங்கு. பிள்ளையின் பங்கும் தகப்பனாரின் பங்கும் இல்லையா? உண்டு, அதையும் ஒளிக்காமல் பேசுவோம்.

அமெரிக்காவில் ஒரு பருவத்துக்கு 12 கிரெடிட் எடுத்தால், அரசாங்க உதவிப் பணத்துக்கு முழுநேர மாணவன் என்று ஒப்புக்கொள்ளுகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளையின் மாணவர் விசாவுக்கும் அதுவே குறைந்தபட்ச அளவு. பிள்ளைகள் பலர் இந்தப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளுகிறார்கள். நாம் கூட்டிப் பார்ப்போம். வருஷத்துக்கு இரண்டு பருவம். நான்கு வருஷத்துக்கு எட்டு. எட்டுப் பன்னிரண்டு 96. பட்டத்துக்கு வேண்டியது 120. குறைவது 24. அதே வேகத்தில் போனால் இன்னும் இரண்டு பருவம், அதாவது ஒரு முழு வருஷம். ஒரு பாடம் கூட்டி 15 எடுத்திருந்தால், எட்டுப் பதினைந்து 120, கணக்கு நேராயிற்று. "முழுநேரம்" என்ற வார்த்தை வேறு, "காலத்தில் முடித்தல்" என்பது வேறு. இந்தப் பேதத்தை யாரும் எடுத்துச் சொல்லாததனாலேயே எத்தனையோ பிள்ளைகள், ஒரு பாடத்திலும் தோற்காமலே ஒரு வருஷம் பின்தங்கிவிடுகிறார்கள்.

அந்த ஒரு வருஷத்தின் விலை சாமானியமானதல்ல. 1997-ம் வருஷ நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை மலேசிய வெள்ளி. 1998 செப்டம்பரில் அது 3 வெள்ளி 80 காசு என்று நிர்ணயமாயிற்று. 1997-ல் படிப்பை முடித்துத் திரும்பியவனின் தகப்பனார் தப்பித்தார். ஒரு வருஷம் தாமதித்தவனின் தகப்பனார், அதே கட்டணத்துக்கு ஒன்றரை மடங்கு வெள்ளி எண்ணி வைத்தார். பணம் அனுப்ப முடியாமல் படிப்பை நடுவிலே விட்டுத் திரும்பிய பிள்ளைகளும் உண்டு. எந்தத் தாமதமும் வரும்போது இவ்வளவு என்று விலை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இப்போது நாம் தொடக்கத்தில் கேட்ட இரண்டாவது கேள்வி. காலத்தில் முடிப்பது கடமையா?

ஒருநாள் மாலை, நம் கடை வாசலில் இரு நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது. இளையவர் தம் மகனைப்பற்றிச் சலித்துக்கொண்டார்.

"ரெண்டும் ரெண்டும் நாலுதானே காக்கா? பையன் அஞ்சு வருஷமாக்கிட்டானே!"

மூத்தவர் தேநீரை ஆற்றியபடியே, "தம்பி, நீங்க ஏத்திவிட்ட சரக்கு எப்பவும் சொன்ன தேதிக்கு இறங்கிடுதா?" என்று கேட்டார்.

"எங்கே இறங்குது! நடுத்துறைமுகத்துலே கிடந்துட்டு வரும். அது கப்பல்காரன் குத்தம்."

"அதுக்குச் சரக்கைப் போட்டு அடிப்பீங்களா?"

இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. "ஏன் தாமசம்னு பையன்கிட்டே ஒரு தடவையாவது கேட்டீங்களா தம்பி?" என்றார். கேட்டதில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

அந்தக் கேள்வியில் நியாயத்தின் பாதி அடங்கியிருக்கிறது. தாமதம் எல்லாம் ஒரே ஜாதியல்ல. அதனை மூன்றாகப் பிரிக்கலாம். அசிரத்தையால் வருவது ஒன்று: வகுப்புக்குப் போகாமை, பாடத்தைத் தள்ளிப்போடுதல், மூன்று தடவை துறை மாறுதல். சுமையால் வருவது இரண்டாவது: தகப்பனாருக்குச் சுகமில்லை, கடையைப் பார்க்க ஆளில்லை, கட்டணத்துக்கு வழியில்லை, ஆகவே பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு. பிறர் தராசால் வருவது மூன்றாவது: படித்ததை ஏற்கமாட்டோம் என்று சொன்னதனால் மறுபடி படிக்க நேர்ந்தது. முதலாவதற்குக் கண்டிப்பு வேண்டும். இரண்டாவதற்கு மரியாதை வேண்டும். மூன்றாவதற்கு உதவி வேண்டும். மூன்றுக்கும் ஒரே வசவைக் கொடுப்பவர், மூன்று சரக்குக்கும் ஒரே விலைச்சீட்டை ஒட்டுகிறார்.

ஆனால், "தாமதமானால் என்ன, எப்போதாவது முடித்தால் சரிதான்" என்று சொல்லிவிடவும் நமக்கு மனமில்லை. காரணம், ஒருவனுடைய காலம் அவனுக்கு மட்டும் சொந்தமல்ல. மூத்தவன் படிப்புக்குப் போட்ட முதல் திரும்பினால்தான் அடுத்தவனுக்கோ தங்கைக்கோ முதல் போடமுடியும் என்ற நிலையிலுள்ள வீடுகளே நம்மில் அதிகம். அண்ணனின் ஐந்தாவது வருஷம், தங்கையின் முதல் வருஷத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெண் வாய் திறந்து கேட்கமாட்டாள். கேளாததனால் அது கடனில்லை என்றாகிவிடாது. அடக்கக்கூடிய தாமதத்தை அடக்காமல் விடுவது, பிறருடைய முறையைத் தான் எடுத்துக்கொள்வதாகும். இந்த அளவில் காலத்தில் முடிப்பது கடமைதான் என்று துணிந்து சொல்லுவோம்.

அதற்கு ஓர் எல்லையும் உண்டு. காலத்துக்காகப் படிப்பையே விட்டுக்கொடுப்பது கடமையல்ல. கஷ்டமான பாடத்தை விட்டு இலேசானதை எடுத்தும், பிறர் எழுதியதைத் தன்னுடையதென்று கொடுத்தும், நான்கு வருஷத்தில் ஒரு காகிதத்தை வாங்கிவந்தவன் காலத்தில் முடித்தவனல்லன். தேதிக்கு அனுப்பவேண்டுமென்று காயாத மிளகை மூட்டை கட்டியவனுக்கு அவன் ஒப்பாவான். தேதிக்குப் போய்ச் சேரும். பூஞ்சணம் பிடித்துத் திரும்பியும் வரும். காலத்தில் முடித்தல் என்பதற்கு, முடிக்கவேண்டியதை முடித்தல் என்ற பொருள் முதலில் இருக்கிறது. காலம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இன்னொரு விஷயமும் யோசிக்கத்தக்கது. அமெரிக்காவில் 1990-ம் வருஷச் சட்டப்படி, எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள் என்று கல்விச்சாலைகள் கணக்கு வெளியிட வேண்டும். நான்கு வருஷப் படிப்புக்கு ஆறு வருஷம் வரை தவணை கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கணக்கில், புதிதாக வந்து முழுநேரம் படிப்பவர்களையே நெடுங்காலம் எண்ணினார்கள். சமூகக் கல்லூரியிலிருந்து மாறிவந்து முடித்தவனைச் சர்வகலாசாலையின் வெற்றிக் கணக்கில் சேர்க்கவில்லை. அனுப்பிய கல்லூரியிலோ அவன் விட்டுப் போனவன். இரு பேரேட்டிலும் அவனுக்கு வரவில்லை. எண்ணப்படாத சரக்கை யார் பத்திரமாகப் பார்ப்பார்கள்? பின்னாளில் மாறிவந்தவர்களையும் சேர்த்து எண்ணும் வேறொரு கணக்கை ஏற்படுத்தினார்கள். எதை எண்ணுகிறோமோ அதையே பேணுவோம் என்பது கடைக்கும் கல்விக்கும் பொதுவான உண்மை.

நம் வீட்டுப் பேரேடும் அப்படித்தான் இருக்கிறது. நேராகச் சர்வகலாசாலைக்குப் போன பிள்ளையைக் கல்யாண வீட்டில் நாலு பேருக்கு அறிமுகம் செய்கிறோம். சிறு கல்லூரி வழியாக, பாலிடெக்னிக் வழியாக, பகலில் வேலையும் இரவில் படிப்புமாக ஏறி வந்தவனைப் பார்த்து, "இன்னும் முடியலையா?" என்று சாப்பாட்டுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறோம். கேட்பவருக்கு அது பேச்சு; கேட்கப்பட்டவனுக்கு அது மறுவருஷம் படிப்பைத் தொடர்வதா விடுவதா என்ற முடிவு. மூன்று பாடம் மீதியிருக்கையில், வெட்கத்தால் படிப்பை விட்டவனுக்கு 111 கிரெடிட் இருந்தும் கையில் ஒன்றுமில்லை. நிறையில் கடைசிக் கல்லை வைக்கவிடாமல் தட்டிவிட்டது எவருடைய நாக்கு என்று நாம் யோசிக்க வேண்டாமா?

ஆகவே, நாம் செய்யக்கூடியவை என்னவென்று சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, ஏறுமுன் இறங்கும் துறையைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எந்தச் சர்வகலாசாலை, எந்தத் துறை என்பதை முதல் பருவத்திலேயே முடிவு செய்து, அந்தச் சர்வகலாசாலையின் பாடப்பட்டியலை வைத்துக்கொண்டு சிறு கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் எந்தக் கல்லூரிப் பாடம் எந்தச் சர்வகலாசாலையில் எதற்குச் சமம் என்று காட்டும் பொதுப் பட்டியல் "அசிஸ்ட்" என்ற பெயரில் இருக்கிறது. மற்ற இடங்களில் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் வாங்க வேண்டும். "இது எனக்குக் கிரெடிட்டாகுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "இது எனது பட்டத்தில் எந்தப் பாடத்துக்குப் பதிலாகும்?" என்று கேட்க வேண்டும். முதற் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் சுலபமாக வரும். இரண்டாவதன் பதிலில்தான் வருஷம் இருக்கிறது.

மூன்றாவது, படித்த ஒவ்வொரு பாடத்தின் விவரத்தாளையும், எழுதிய கட்டுரைகளையும் பத்திரப்படுத்த வேண்டும். நாம் சரக்கு வாங்கிய சிட்டையைத் தூக்கியெறிவதில்லை. சர்வகலாசாலை ஒரு பாடத்தை மறுத்தால், அந்தத் தாளைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம்.

நான்காவது தகப்பனார்களுக்கு. பிள்ளை உள்ளூரில் படிப்பவனானால், பரீட்சை வாரத்தில் அவனைக் கல்லாவுக்குக் கூப்பிடாதீர்கள். அந்த ஒரு வாரத்துக்குக் கடையில் நிற்க ஓர் ஆளைக் கூலிக்கு வைப்பது, ஒரு பருவக் கட்டணத்தைவிட மிகவும் மலிவு.

ஐந்தாவது நம் சங்கத்துக்கு. படிப்பு உதவிப் பணம் கொடுக்கும்போது, முதல் வருஷப் பிள்ளைகளையே தேடிக் கொடுப்பது வழக்கம். மாறிப் போகும் பிள்ளைக்கு, அந்த மூன்றாவது வருஷத் தொடக்கத்தில்தான் கை வறண்டிருக்கும். முன்னமே கிடைத்த உதவி பழைய கல்லூரியோடு நின்றிருக்கும். கடைசி இரண்டு பாடத்துக்குப் பணமில்லாமல் நிற்பவனுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினால், சிறு தொகை பெரும் வேலையைச் செய்யும். இதனை நிர்வாகஸ்தர்கள் யோசிக்குமாறு வேண்டுகிறோம்.

இரண்டும் இரண்டும் நான்காவது எப்போது? அனுப்புகிறவர் உண்மையைச் சொல்லி, ஏற்கிறவர் நேராக நிறுத்து, சுமக்கிறவன் சோராமல் நடந்து, வீட்டிலிருப்பவர்கள் பொறுமையோடு காத்திருக்கும்போதுதான். நால்வரில் ஒருவர் தவறினாலும் கணக்கு ஐந்தாகும். அப்படி ஐந்தானால், முதலில் ஏன் என்று கேளுங்கள். கேட்ட பிறகு கண்டிப்பதா, கை கொடுப்பதா என்று தீர்மானியுங்கள். தராசு பிடிக்கிற நாம் இதைச் செய்யாவிட்டால், வேறு யாரிடம் எதிர்பார்ப்பது?